காரில் எடுத்துப்போக ஃபிரிட்ஜ்: லிட்டர் கணக்கு அப்புறம், ராத்திரி கணக்கு முதலில்

காரிலேயே சமைத்து, காரிலேயே தூங்கி ஊர் சுற்றுகிற பழக்கம் நம்ம பக்கமும் வந்துவிட்டது. கூடவே "எந்த ஃபிரிட்ஜ் வாங்கலாம்?" என்ற கேள்வியும் வந்துவிட்டது. கேட்பவர்கள் எல்லாரும் "எத்தனை லிட்டர்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது இரண்டே இரண்டு. உள்ளே என்ன வைக்கப் போறீங்க? இன்ஜினை அணைத்த பிறகு எத்தனை மணி நேரம் அது ஓடணும்?

எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்குக் கனம் கொஞ்சம் அதிகம். அப்பா இன்சுலின் போட்டுக்கொள்பவர். பால் திரிந்துபோனால் கடுங்காப்பி குடித்துச் சமாளிக்கலாம். சூட்டில் வீரியம் போன இன்சுலின் பல நேரம் பார்க்க நன்றாகவேதான் இருக்கும். சர்க்கரை ஏறிய பிறகுதான் தெரியும்.

சந்தையில் கிடைப்பவை மூன்று வகை.

விலை குறைந்தது பெல்டியர் வகை. இரு வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு முனை குளிரும், மறு முனை சூடாகும் என்று 1834-ல் ழான் பெல்டியர் கண்டுபிடித்தார். அதைத்தான் இன்றைக்கு ஒரு சின்னச் சில்லில் அடைத்து, விசிறி வைத்துப் பெட்டியில் பொருத்தியிருக்கிறார்கள். கம்ப்ரஸர் கிடையாது, எடை குறைவு. ஆனால் இது வெளிச்சூட்டை விட சுமார் 18, 20 டிகிரிதான் இறக்கும். மே மாதம் 40 டிகிரி வெயிலில் உள்ளே 20. அதை ஃபிரிட்ஜ் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மின்சாரத்தை நிறுத்தினாலும் தொல்லைதான். குளிர் முனையும் சூட்டு முனையும் ஒட்டியே இருப்பதால், வெளிச்சூடு அதே சில்லு வழியாக உள்ளே இறங்கும். ஏசி போட்டு ஓடிக்கொண்டிருக்கிற காரில் தண்ணீர் பாட்டில் வைக்க மட்டும் சரி.

அடுத்தது உறிஞ்சல் வகை. 1922-ல் வான் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு ஸ்வீடன் மாணவர்கள் உருவாக்கியது. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாமல், சூட்டை வைத்தே குளிரை உண்டாக்கும். அழகான பொறியியல், இதைப் பற்றி மட்டுமே ஒரு பதிவு எழுதலாம்! ஆனால் வண்டி மட்டமாக நிற்க வேண்டும், 12 வோல்ட்டில் ஓட்டினால் மின்சாரத்தைக் குடிக்கும், கேஸில் ஓட்டினால் மூடிய காருக்குள் வைக்கக்கூடாது. நமக்கு வேண்டாம்.

மிச்சம் இருப்பது 12 வோல்ட் கம்ப்ரஸர் வகை. வீட்டு ஃபிரிட்ஜின் தம்பி. விலை பல மடங்கு. அந்த விலை எதற்கு என்பது ராத்திரியில்தான் தெரியும்.

கணக்கைப் பார்ப்போம். ராத்திரி 9 மணியிலிருந்து காலை 7 வரை 10 மணி நேரம். பெல்டியர் நிற்காமல் 4 ஆம்பியர் இழுக்கும், ஆக 40 ஆம்பியர்-மணி. சின்னக் காரின் பேட்டரியே மொத்தம் 35 ஆம்பியர்-மணிதான்! கம்ப்ரஸர் ஓடும்போது அதே 4, 5 ஆம்பியர் இழுத்தாலும், குளிர்ந்ததும் நின்றுவிடும். சராசரி ஒன்று, ஒன்றரை ஆம்பியர். ராத்திரிக்கு 10 முதல் 15. அதுவுமே ஸ்டார்ட் செய்கிற பேட்டரிக்கு அதிகம்தான், அது ஆழமாக இறக்குவதற்குச் செய்யப்பட்டதல்ல. அதனால் தனி பேட்டரி ஒன்று வேண்டும், ஃபிரிட்ஜ் பட்ஜெட்டிலேயே அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 500 வாட்-மணி லித்தியம் பெட்டி ஒன்று இருந்தால் சின்ன ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு மேல் தாங்கும். மறுநாள் வண்டி ஓடும்போது 12 வோல்ட் சாக்கெட்டிலிருந்தே சார்ஜ் ஏற்றிவிடலாம்.

ஒயரைப் பலரும் கவனிப்பதில்லை. ஃபிரிட்ஜை டிக்கியில் வைத்து 4 மீட்டர் ஒயர் இழுத்தால், போக வர 8 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 5 ஆம்பியர் போனால் கிட்டத்தட்ட அரை வோல்ட் வழியிலேயே போய்விடும். பேட்டரி நன்றாக இருக்கும், ஆனால் ஃபிரிட்ஜ் "வோல்டேஜ் குறைவு" என்று சொல்லி நின்றுவிடும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் அடங்கும். இந்தப் பாதுகாப்புக்கு ஹை, மீடியம், லோ என்று மூன்று நிலை இருக்கும். கார் பேட்டரியில் நேரடியாக இணைத்தால் ஹை, தனி லித்தியம் பெட்டி என்றால் லோ.

பெட்டிக்குள் சூடான பொருளை வைத்துவிட்டு "குளிரவே மாட்டேங்குது" என்று புலம்புவதும் உண்டு. 35 டிகிரியில் இருக்கும் 1 லிட்டர் தண்ணீரை 5-க்கு இறக்க 35 வாட்-மணி வெப்பத்தை வெளியேற்றணும். நாலு பாட்டில் என்றால் 140. இந்த வேலையை முந்தின ராத்திரி வீட்டு ஃபிரிட்ஜ் செய்யட்டும்.

இனி இன்சுலின். பிரிக்காத பேனாக்கள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கணும். பயன்பாட்டில் இருக்கும் பேனாவுக்கு ஃபிரிட்ஜ் தேவையில்லை. பெரும்பாலானவை 30 டிகிரிக்குள் நாலு வாரம் வரை தாங்கும் (சிலவற்றுக்கு 25 டிகிரிதான், உள்ளே இருக்கும் தாளைப் படியுங்கள்). ஆனால் வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் 50 டிகிரியைத் தாண்டும். அதனால் அந்தப் பேனா டேஷ்போர்டில் இருக்கக்கூடாது, நம்மோடு இறங்கி வரணும்.

சூட்டைப் பற்றி எல்லாரும் பயப்படுகிறார்கள், உறைவதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. உறைந்த இன்சுலினை உருகிய பிறகும் பயன்படுத்தக்கூடாது, தூக்கித்தான் போடணும். கம்ப்ரஸர் ஃபிரிட்ஜில் சுவரை ஒட்டிய இடம் திரையில் காட்டுவதைவிடக் கூடுதலாகக் குளிரும். பேனாக்களைத் துண்டில் சுற்றி, டப்பாவில் போட்டு, நடுவில் வையுங்கள்.

இரண்டு நாள் பயணம், இன்சுலின் மட்டும்தான் என்றால் ஃபிரிட்ஜே வேண்டாம் என்பது என் கட்சி. நம்ம ஊர் கிராம சுகாதார செவிலியர்கள் தோளில் மாட்டிக்கொண்டு போகும் தடுப்பூசிப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். நாலு ஐஸ் பொட்டலம், கனமான காப்பு, அவ்வளவுதான். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த பொட்டலத்தை உடனே உள்ளே வைக்க மாட்டார்கள். வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கும்வரை காத்திருப்பார்கள். அப்போதுதான் ஐஸ் 0 டிகிரிக்கு வந்திருக்கும், மருந்தை உறைய வைக்காது. நல்ல ஐஸ் பெட்டி எதற்கும் இதே முறை பொருந்தும். பொட்டலத்துக்கும் மருந்துக்கும் நடுவில் ஒரு துணி இருக்கட்டும்.

மூன்று நாளுக்கு மேல், குழந்தைக்குப் பால், மீன், மாவு எல்லாம் உண்டு என்றால் 20, 25 லிட்டர் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் வாங்குங்கள். அதற்கு மேல் பெரிதாக வாங்கினால் இடம்தான் போகும்.

எதை வாங்கினாலும், குறைந்தபட்ச, அதிகபட்ச அளவைப் பதிவு செய்யும் தெர்மாமீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அதையும் வாங்கிவிடுங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், ஃபிரிட்ஜை 5 டிகிரியில் வைத்து, காரிலேயே அதே பேட்டரி, அதே ஒயரில் ஒரு ராத்திரி ஓட்டுங்கள். தெர்மாமீட்டர் மருந்து டப்பாவுக்குள் இருக்கட்டும். காலையில் குறைந்தபட்சம் 2-க்குக் கீழே காட்டினால், ஃபிரிட்ஜை இரண்டு டிகிரி ஏற்றி வைத்து அடுத்த ராத்திரியும் ஓட்டிப் பாருங்கள்.