ஏழு பவுண்டு காற்று

புதுக்கோட்டைக்குத் தெற்கே வெள்ளாறு ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் மணலாகத்தான் கிடக்கிறது. அதன் குறுக்கே சைக்கிளை விட்டுப் பாருங்கள். பத்தடி போவதற்குள் முன்சக்கரம் தன்னிஷ்டத்துக்குத் திரும்பும். பின்சக்கரம் நின்ற இடத்திலேயே குழி பறிக்கும். இறங்கித் தள்ளுவதைத் தவிர வழியில்லை. கிழக்கே ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மணமேல்குடி என்று சுமார் 40 கி.மீ. நீளும் கடற்கரையிலும் இதே பாடுதான். ஆனால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிறவரின் கால் அந்த மணலில் அப்படிப் புதைவதில்லை. அதே ஆள், அதே மணல். ஏறி உட்கார்ந்தால் புதைகிறது, இறங்கி நடந்தால் தாங்குகிறது. எடைதானே புதைக்கிறது என்று நினைத்தால் இதற்கு விடை கிடைக்காது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆள் 60 கிலோ, சைக்கிள் 20 கிலோ. மொத்தம் 80 கிலோவில் பின்சக்கரத்தின் பங்கு ஏறத்தாழ 45. டயரில் 50 பவுண்டு காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பஞ்சர் கடையில் பவுண்டு என்று சொல்வது ஒரு சதுர அங்குலத்தின் மீது அத்தனை பவுண்டு அழுத்தம் என்பதைத்தான். நம் அளவில் 50 பவுண்டு என்றால் சதுர செ.மீ.க்குச் சுமார் 3.5 கிலோ. வண்டியைப் பெரும்பாலும் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்ட காற்று. 45 கிலோவை ஈடுகட்டும் அளவு பரப்பு தரையில் படும்வரை டயர் சப்பையாகும், அதற்குமேல் சப்பையாகாது. 45-ஐ 3.5-ஆல் வகுத்தால் 13 சதுர செ.மீ. வருகிறது. தீப்பெட்டியின் மேல்பக்கம்கூட இதைவிடப் பெரியது. அந்தச் சின்ன இடத்தின் வழியாக ஒரு மனிதனின் எடையில் பெரும்பகுதி மணலுக்குள் இறங்குகிறது.

இப்போது டயரில் காற்றை 7 பவுண்டாகக் குறைத்தால்? அழுத்தம் சதுர செ.மீ.க்கு அரைக் கிலோ. 45 கிலோவைத் தாங்க 90 சதுர செ.மீ. வேண்டும். வெறுங்காலோடு நடக்கிறவர் ஒற்றைக்காலை ஊன்றும் கணத்தில் மணலுக்குக் கொடுக்கும் அழுத்தமும் ஏறத்தாழ இதே அரைக் கிலோதான். ஃபேட் பைக் என்கிற குண்டு டயர் சைக்கிளின் ரகசியம் முழுவதும் இந்த ஒரு சமன்பாட்டுக்குள் இருக்கிறது: மனிதக் காலுக்கு எந்த மணல் இடம் கொடுக்கிறதோ, அது இந்தச் சக்கரத்துக்கும் இடம் கொடுக்கும்.

சாதா டயரிலேயே காற்றைக் குறைத்துவிட்டால் போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது. ஒன்றரை அங்குல டயரில் 7 பவுண்டு மட்டும் வைத்தால் ரிம்மே தரையில் இடிக்கும். சப்பையாக அதற்கு உயரம் கிடையாது. அதனால்தான் டயர் 4 அங்குலம் தடிக்க வேண்டியிருக்கிறது. தடித்தபின் இன்னொரு விதி குறுக்கே வருகிறது. டயர்ச் சுவரில் ஏறும் இழுவிசை, காற்றழுத்தத்தையும் குழாயின் ஆரத்தையும் பெருக்கினால் வருவது. ஆரம் இரண்டரை மடங்கானால் அதே காற்றுக்கு இழுவிசையும் இரண்டரை மடங்கு. ஆகவே குண்டு டயருக்கு 50 பவுண்டு அடிக்கவே கூடாது. பெரும்பாலான குண்டு டயர்களின் பக்கவாட்டில் உச்ச அளவு 20, 30 பவுண்டு என்று அச்சிட்டிருக்கும். லாரிக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெஸரில் இந்த டயரைக் கொடுத்துவிட்டு டீக்கடைப் பக்கம் போய்விடாதீர்கள். பக்கத்திலேயே நின்று மீட்டரைப் பாருங்கள். டயர் பெரிதாக இருக்கிறது, நிறையக் காற்று கேட்கும் என்று கடைப்பையன் நினைப்பது இயல்பு. உண்மை நேர் எதிரானது.

அகலம் தரும் நன்மை அழுத்தம் குறைவதோடு முடிவதில்லை. மணல் என்பது ஒன்றோடொன்று உரசி நிற்கும் துகள்களின் கூட்டம். மேலிருந்து அழுத்தினால் அடியில் இருக்கும் துகள்கள் பக்கவாட்டில் நகர்ந்து, ஓரத்தில் மேலெழும்பித் தப்பிக்கப் பார்க்கும். அழுத்தும் பரப்பு குறுகலாக இருந்தால் தப்பிக்கும் வழி குட்டை. அகலமாக இருந்தால் நீளம், அத்தனை துகள்களையும் தள்ளிக்கொண்டு போகவேண்டும். கட்டட அஸ்திவாரம் போடும் பொறியாளர்கள் நன்றாக அறிந்த விஷயம் இது: மணல் தரையில் அஸ்திவாரம் அகலமாக ஆக, ஒவ்வொரு சதுர அடியும் தாங்கும் எடையே கூடுகிறது. ஈரம் இன்னொரு உதவி. அலை வந்து போன மணலில் துகள்களுக்கிடையே தங்கும் நீர் ஒட்டுப்பசை மாதிரி இழுத்துப் பிடிக்கும். நீர் முழுதாக நிரம்பிவிட்டால் அந்தப் பிடி போய்விடும். அதனால்தான் காய்ந்த மணலுக்கும் தண்ணீருக்கும் நடுவே கெட்டியான ஒரு பட்டை கிடைக்கிறது.

இந்தக் குண்டு டயர் வண்டி பெரிய ஆய்வகத்தில் பிறக்கவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அலாஸ்காவில் 1987-இல் ஐடிடாபைக் என்ற பனிவெளிச் சைக்கிள் பந்தயம் தொடங்கியது. பனியும் மணலைப் போலவே சக்கரத்தை விழுங்கும். அகலமான ரிம் கடையில் இல்லாததால், அங்கிருந்தவர்கள் இரண்டு ரிம்களைப் பக்கம் பக்கமாக வைத்து வெல்டிங் செய்துகொண்டார்கள். சைமன் ராகோவர் 44 மி.மீ. அகல ரிம்களைச் செய்து விற்றார். தெற்கே, மெக்சிகோவின் மணல்மேடுகளில் ஓட்டுவதற்காக ரே மொலினா அதைவிட அகலமான ரிம்மும் டயரும் செய்வித்தார். பனிக்காரர்களின் அனுபவமும் மணல்காரர்களின் அனுபவமும் பிறகு ஒன்று சேர்ந்தன. 2005-இல் சர்லி நிறுவனம் 3.7 அங்குல டயரோடு பக்ஸ்லி என்ற சைக்கிள் சட்டத்தைக் கொண்டுவந்தபோதுதான் இது கடைக்கு வந்த சரக்கானது. அதிலும் சிக்கனம் இருந்தது. புதிய அகல ஹப் தயாரிக்காமல், மலைச்சைக்கிள்களில் ஏற்கெனவே புழங்கிய 135 மி.மீ. பின்ஹப்பையே முன்னும் பின்னும் போட்டார்கள். செயின் டயரில் உரசாதிருக்கச் சட்டத்தின் பின்பகுதியை 17.5 மி.மீ. ஒரு பக்கமாக நகர்த்தினார்கள். இரண்டு ஹப்பும் ஒன்றே என்பதால் நடுவழியில் பின்சக்கரத்தின் பல்சக்கரம் கெட்டால் முன்சக்கரத்தைக் கழற்றிப் பின்னால் மாட்டிக்கொள்ளலாம்.

இப்படிக் கைக்குக் கிடைத்த பாகங்களைக் கொண்டு வண்டி கட்ட முடிவதற்குக் காரணம், சைக்கிளின் அளவுகள் பலவும் நூறாண்டாக மாறாமல் இருப்பது. செயின் கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம். தாத்தாவின் சைக்கிளிலும் அதுதான், நேற்று வந்த சைக்கிளிலும் அதுதான். பெடல் அச்சைத் தாங்கும் கப்பின் மரை 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 சுற்று. பர்மிங்காமில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த பிஎஸ்ஏ நிறுவனத்தின் பெயரால் வழங்கும் மரை அது. 1949-இல் தொடங்கப்பட்டு அம்பத்தூரில் ஆலை அமைத்த டி.ஐ. சைக்கிள்ஸ் வழியாகத் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் அந்த அளவு பரவியது. மரை வைத்த குண்டு டயர்ச் சட்டங்களில் பெடல் அச்சு ஓடும் கூடு 100 மி.மீ. அகலம், சாதா வண்டியைவிட 3 செ.மீ.க்கு மேல் அதிகம். ஆனால் அதன் இரு முனையிலும் இருப்பது அதே மரை. ஃப்ரீவீலுக்கும் அதே.

கைக்குக் கிடைத்த சைக்கிளைத் தங்கள் வேலைக்கு ஆக்கிக்கொள்வதில் புதுக்கோட்டைக்காரர்களுக்கு வரலாறே உண்டு. 1991-இல் அறிவொளி இயக்கம் இங்கே வேகம் பிடித்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் கற்பதை எழுத்தறிவு வேலையின் அங்கமாகவே ஆக்கினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிளுக்கு வந்தார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அவர் குறித்துவைத்த ஒரு தகவலை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். லேடீஸ் சைக்கிளுக்குக் காத்திருக்க முடியாதவர்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். சிலருக்கு அதுவே பிடித்தும் போனது. சீட்டிலிருந்து ஹேண்டில்பாருக்குப் போகும் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம். பொறியியலாகப் பார்த்தாலும் அவர்கள் எடுத்தது வலுவான சட்டம். பார் இருக்கும்போது சட்டம் கிட்டத்தட்ட முக்கோணமாகிறது. முக்கோணத்தின் பக்கங்கள் நீளாமலும் சுருங்காமலும் அதன் வடிவம் மாறாது. கேரியரில் தண்ணீர்க்குடம் ஏற்றினாலும் வண்டி முறுக்கிக்கொள்ளாது. பாரைத் தாழ்த்திவிட்டால் அந்த வலுவில் ஒரு பங்கு போய்விடும், கனமான குழாய் போட்டு ஈடுகட்ட வேண்டும். ஆண்களுக்கென்று விற்ற வண்டியைத் தங்கள் வேலைக்கு வசக்கிக்கொண்ட அந்தப் பெண்கள் பார்த்த பார்வைதான் தள்ளுபடியில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டு குண்டு டயர் வண்டி கட்டுகிறவருக்கும் வேண்டும்: இது யாருக்குச் செய்தது என்று பார்க்காமல், இதனால் என்ன வேலை ஆகும் என்று பார்ப்பது.

மாறாத அளவுகளுக்கு நடுவே சில கண்ணிகளும் உண்டு. தள்ளுபடியில் பணம் தொலைவது அங்கேதான். 26 அங்குல டயர் என்று குறைந்தது மூன்று வகை இருக்கிறது. டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம் ஒன்றில் 559 மி.மீ., ஒன்றில் 584, ஒன்றில் 590. குண்டு டயர் வருவது 559-இல். பழைய 26 சைக்கிள்களின் டயர்கள் மற்ற இரண்டில். ஒன்று மற்றொன்றில் ஏறாது. அங்குலத்தை நம்பாமல், டயரின் பக்கவாட்டில் 98-559 என்பது போல அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள்; முதலெண் அகலம், அடுத்தது அந்த விட்டம். ஸ்போக்ஸ் ஓட்டைகளையும் எண்ணுங்கள். நம் பெரிய சைக்கிள்களில் முன்ஹப்புக்கு 32, பின்ஹப்புக்கு 40. குண்டு ரிம்கள் பெரும்பாலும் 32. மலிவாகக் கிடைத்த 36 ஓட்டை ஹப்பை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ரிம்மைக் கவ்வும் சாதா பிரேக் 4 அங்குல டயரைத் தாண்டி எட்டாது. கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக் வேண்டும், ஆகவே ஹப்பிலும் ஃபோர்க்கிலும் அதற்கான இடம் இருக்க வேண்டும்.

சட்டம், ஃபோர்க், ஹப், ரிம் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்தியாக வேண்டும் என்பதால், அவற்றைத் தனித்தனியாகத் தேடுவதைவிட, நம் ஊர்க் கடைகளில் விற்கும் சாதாரண குண்டு டயர் சைக்கிள் ஒன்றைப் பழைய ஸ்டாக்காகவோ, ஓட்டாமல் வீட்டில் நிற்பதாகவோ வாங்குவதே மலிவு என்பது என் கருத்து. ஹேண்டில்பார், சீட், பெடல், செயின் எதுவாக இருந்தாலும் ஓடும். மிச்சப்படுத்திய பணத்தை டயரில் போடுங்கள். கடையில் டயரின் பக்கச்சுவரை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாலே தெரியும். மலிவு டயர் தடித்த நூலும் நிறைய ரப்பருமாக விறைத்து நிற்கும். நல்ல டயர் அடங்கிக் கொடுக்கும். அங்குலத்துக்கு எத்தனை நூல் என்பதை டிபிஐ என்று அச்சிட்டிருப்பார்கள். 27 என்றால் முரடு, 60 நல்லது, 120 மிக மென்மை. சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் டயர்ச் சுவரை மடித்து நிமிர்த்துகிறது. விறைத்த சுவர் அந்த உழைப்பை வெப்பமாக்கித் தொலைத்துவிடும். 7 பவுண்டில் மடிப்பு அதிகம், ஆகவே இழப்பும் அதிகம்.

அடுத்த செலவு மிகச் சிறியது, பலன் மிகப் பெரியது. மலிவான குண்டு டயர் சைக்கிள்கள் பல, கியர் இல்லாமல் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்ற கணக்கில் வரும். ரோட்டுக்குச் சரி, மணலில் முழங்கால் கெஞ்சும். பின்னால் 22 பல் ஃப்ரீவீல் போட்டால் மிதிக்கும் விசை ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவாகத் தணியும், வேகமும் அவ்வளவே குறையும். மேலே சொன்ன அதே மரை என்பதால் சைக்கிள் ஸ்பேர் கடையில் வாங்கி அப்படியே முறுக்கிவிடலாம். செயினில் இரண்டு கண்ணி சேர்க்க வேண்டிவரும்.

ஓட்டத் தொடங்கும்போது ரோட்டில் 15 பவுண்டு வைத்துக்கொண்டு, மணலருகே வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். முன்சக்கரம் மணலை உழாமல் மேலே ஏறத் தொடங்கும் இடம் உங்கள் எடைக்கான அளவு. 7-இலும் நிற்கலாம், 9-இலும் நிற்கலாம். உடம்பைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, விடாமல் ஒரே சீராக மிதியுங்கள். திரும்பும்போது பம்பு கையில் இல்லையென்றால் தார் ரோட்டில் வீடு சேர்வது தண்டனை. கடற்கரையில் அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்த மேடுகளைச் சுற்றிப் போங்கள். காற்று அள்ளிப்போகாமல் அந்த மணலைப் பிடித்து வைத்திருப்பது அவற்றின் வேரும் தண்டும்தான். குறைந்த அழுத்தமானாலும் ஒரே தடத்தில் பலமுறை ஓடினால் கொடி அறும்.

உப்பும் மணலும் இரும்பை விடாது. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், ஆனால் ஹப்பின் மீது வேகமாகப் பீய்ச்சாதீர்கள். கிரீஸைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் உள்ளே போகும். துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விடுங்கள். மழைக்காலத்துக்கு முன்பு ஒருமுறை ஓவர்ஹாலுக்குக் கொடுத்து, ஹப்பைப் பிரித்துப் பால்ரஸையும் கோனையும் பார்க்கச் சொல்லுங்கள். குழி விழுந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். புதிய பால்ரஸுக்கு ஆகும் செலவு ஒரு பஞ்சருக்கு ஆவதைவிடப் பெரிதாக இருக்காது.