மெலடோனினும் சர்க்கரை வியாதியும்

"பையன் அமெரிக்காவிலிருந்து மெலடோனின் மாத்திரை அனுப்பியிருக்கிறான். தூக்கத்துக்கு மட்டுமல்ல, சர்க்கரைக்கும் நல்லதாமே?" என்று சங்க அன்பர்கள் கேட்கிறார்கள். உயிர்வேதியியல் ஆசிரியனாக இருந்தவன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது உயிரணுக்களில் 'ஃப்ரீ ராடிக்கல்' எனும் துகள்கள் பெருகுகின்றன. இரும்பைத் துரு அரிப்பதுபோல அவை கண், சிறுநீரகம், நரம்பு, இரத்தக் குழாய்களை அரிக்கின்றன. மெலடோனின், மூளையின் பினியல் சுரப்பி இரவு இருட்டில் சுரக்கும் ஹார்மோன். 1958-இல் ஏரன் லெர்னர் குழுவினர் பிரித்தெடுத்தது. இந்தத் துகள்களை அடக்கும் ஆற்றல் அதற்கு உண்டென்று 1993-இல் ஆய்வாளர்கள் காட்டினர். சர்க்கரை வியாதி உண்டாக்கப்பட்ட எலிகளிலும் அரிப்பு குறைந்தது.

அதனால் மாத்திரையை விழுங்கிவிடலாமா? அவசரம் வேண்டாம். அதே மெலடோனின் கணையத்தில் இன்சுலின் சுரப்பதை மட்டுப்படுத்தவும் கூடும். ஸ்பெயினில் 845 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், படுக்கப் போகும் 4 மணி நேரத்துக்கு முன் குளூக்கோஸ் பானம் குடித்தபோது இருந்ததைவிட, 1 மணி நேரத்துக்கு முன் குடித்தபோது இரத்தச் சர்க்கரை அதிகமாகவும் இன்சுலின் குறைவாகவும் இருந்தன.

மும்பையில் லோக்கல் ரயிலில் வீடு திரும்பி, பத்து மணிக்குச் சாதம் பிசையும் நமக்கு இது முக்கியம். முடிந்தவரை முன்னதாகச் சாப்பிடுங்கள், விளக்கையும் டி.வி.யையும் அணைத்துத் தூங்குங்கள். சர்க்கரைக்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தை மாற்றுமுன் டாக்டரைக் கேளுங்கள். பையன் அனுப்பிய டப்பாவையும் அவரிடமே காட்டுங்கள்.