முதல் வருஷத்து மாணாக்கரும் ஒரு தனவானின் கொடையும்

ஸர்வகலாசாலைகளுக்குத் தனவான்கள் பொருள் வழங்குவது புதிதன்று. அப்பொருள் பெரும்பாலும் மாளிகையாகி, கொடுத்தவர் பெயரை வாயிலில் தாங்கி நிற்கும். அமெரிக்காவில் எட்வின் லாண்டு என்பவர் அளித்த கொடையோ வேறு வழியிற் சென்றது. அவ்வழி நம் நேயர்கள் ஆலோசிக்கத்தக்கது.

லாண்டு 1926-ம் வருஷம் ஹார்வர்டில் சேர்ந்து, சில மாதங்களிலேயே வெளியேறினவர். பின்னர்த் திரும்பி வந்தும் பட்டம் பெறாமலே விட்டவர். அவரே 1937-ல் போலராய்டு கம்பெனியை ஸ்தாபித்து, எடுத்த படத்தை ஒரு நிமிஷத்திற் கையில் தரும் காமிராவை 1947-ல் உலகிற்குக் காட்டினார். 1957-ல் மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் செய்த பிரசங்கத்தில், கலாசாலையிற் புகுந்த உடனேயே மாணாக்கனுக்குச் சொந்தமாக ஓர் ஆராய்ச்சி அளிக்கப்பட வேண்டுமென்று வாதித்தார்.

1959-ல் அவர் கொடையின் உதவியால் ஹார்வர்டில் முதல் வருஷத்தார்க்கென்றே சிறு வகுப்புகள் தொடங்கின. ஏறக்குறைய 12 பேர் பேராசிரியர் ஒருவருடன் அமர்ந்து, ஒரே விஷயத்தைப் பருவம் முழுதும் விவாதிப்பர். தர வரிசை கிடையாது. திருப்தி, திருப்தியில்லை என்பதோடு சரி. பரிசோதனையாகத் தொடங்கிய இம்முறை இன்றும் நடந்து வருகிறது.

12 பேருக்குச் செலவிடும் நேரத்தில் 300 பேருக்குப் பிரசங்கம் செய்யலாமே என்று ஆக்ஷேபிப்பாருண்டு. கணக்குச் சரியே. ஆனால் 300 பேர் காதிலும் அது ஏறிற்றா என்பதை யார் அறிவார்? கடைசி வரிசையில் இருப்பவன் தன் சந்தேகத்தைத் தன்னோடே வீட்டுக்குக் கொண்டு போகிறான். 12 பேர் மத்தியில் அவன் மௌனமாக ஒளிந்திருக்க இயலாது. சொன்னதற்குக் காரணம் காட்டவேண்டும். பிறன் காட்டும் காரணம் வலிதாயின், தன் அபிப்பிராயத்தை விடவும் வேண்டும். பொதுவாழ்வில் இறங்குவோர்க்கு இதனினும் சிறந்த பயிற்சி ஏது?

இத்தகைய வகுப்பைக் கடைசி வருஷத்தார்க்கு ஒதுக்குவதே பல இடங்களில் வழக்கம். அதற்குள் கேட்டுக்கொண்டு சும்மாவிருக்கும் பழக்கம் ஊறிவிடுகிறது. நாற்றங்காலைக் காயவிட்டுக் கதிர் முற்றியபின் நீர் பாய்ச்சுவது எந்த வேளாண்மை?

செல்வம் மிக்க கலாசாலைகளுக்கே இது கைகூடும் என்பது ஓரளவு மெய். ஆயினும் இதற்கு வேண்டியது பளிங்கு மண்டபமன்று. ஓர் அறை, ஓர் ஆசிரியர், அவருடைய நேரத்திற்குரிய சம்பளம். கல்விக்குக் கொடுக்க நினைக்கும் தர்மவான்கள், அஸ்திவாரக் கல்லை நாட்டுமுன் இதை ஒரு முறை எண்ணிப் பார்ப்பார்களாக.