சின்ன சிலிண்டரும் அன்றாடக் கூலியும்

வாடிப்பட்டியில் எங்கள் தெருப் பெண்கள் பலர் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள். கூலி அன்றன்றைக்குக் கைக்கு வரும். கேஸ் சிலிண்டரோ 14.2 கிலோ, பணத்தை மொத்தமாக எண்ணி வைக்க வேண்டும். "காசு இருக்கிறப்ப தீராது, தீருறப்ப காசு இருக்காதுக்கா" என்பாள் பக்கத்து வீட்டுப் பெண். அவள் வீட்டில் கேஸ் அடுப்பும் உண்டு. கொல்லையில் தென்னமட்டை எரிக்கும் மண்ணடுப்பும் உண்டு. அந்தப் புகையில் அவள் கண்ணைக் கசக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது.

இணைப்பு கிடைப்பது இப்போது பெரிய பாடில்லை. 2007-இல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் அடுப்பு தந்தது. 2016 மே 1-இல் ஏழைப் பெண்களுக்கு கேஸ் இணைப்பு தரும் மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் வந்தது. காலி சிலிண்டரை மாற்றுகிற செலவுதான் இடிக்கிறது.

அதற்குத்தான் 5 கிலோ சிலிண்டர். உஜ்வாலா இணைப்புள்ளவர்கள் பெரியதற்குப் பதிலாக இதைக் கேட்டு வாங்கலாம். 2023 அக்டோபரில் பெரிய சிலிண்டருக்கு 300 ரூபாயாக உயர்ந்த மானியம், இதற்கும் எடைக்குத் தக்கபடி உண்டு. பெட்ரோல் பங்கில் அடையாள அட்டை காட்டி வாங்கும் 5 கிலோ வேறு. அதற்கு மானியம் கிடையாது. இரண்டையும் ஒன்றென்று நினைத்தே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள்.

கென்யாவில் எம்-கேஸ் என்ற ஏற்பாடு இன்னும் ஒரு படி மேல். சிலிண்டரோடு ஒரு மீட்டர். கைபேசியில் கட்டிய பணத்துக்கு எவ்வளவோ அவ்வளவு எரியும். இங்கேயும் அது வரட்டும். அதுவரை, தெருவுக்கு வருகிற கேஸ் வண்டியில் மானிய 5 கிலோவும் ஏறி வர வேண்டும்.