தொலைவின் விலை: செயின்ட் ஹெலினா விமான நிலையம் குறித்து

தென் அட்லாண்டிக்கின் நடுவில் இருக்கிறது செயின்ட் ஹெலினா. 122 சதுர கிலோமீட்டர், ஏறத்தாழ 4,500 பேர். நெப்போலியனை அடைத்துவைத்த தீவு என்றால் நமக்குச் சட்டென்று புரியும். யாரும் தப்ப முடியாத தொலைவு என்பதுதான் பேரரசு அன்று அதில் கண்ட பயன். கேப்டவுனிலிருந்து கப்பலில் ஐந்தாறு நாள். அந்தத் தொலைவை ஒழிக்கத்தான் பிரிட்டிஷ் அரசு 28.5 கோடி பவுண்ட் பொதுப்பணத்தில் விமான நிலையம் கட்டியது. தலைக்கு அறுபதாயிரம் பவுண்டுக்கு மேல். இதனால் தீவுக்கு லாபமா?

கேட்பது யார் என்று பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. லண்டனின் கவலை, தீவுக்குத் தரும் மானியம் எப்போது நிற்கும் என்பது. 2042 வாக்கில் ஆண்டுக்கு 29,000 பயணிகள் வருவார்கள், தீவு சொந்தக் காலில் நிற்கும் என்று கணக்குப் போட்டார்கள். காற்று அந்தக் கணக்கில் இல்லை. 2016 ஏப்ரலில் போயிங் 737 ஒன்றை இறக்கிப் பார்த்தபோது, ஓடுபாதையருகே காற்று சடாரென்று திசையும் வேகமும் மாறியது. மே மாதத் திறப்பு தள்ளிப்போனது. 1836இல் வந்துபோன டார்வின்கூட இந்தத் தீவின் காற்றைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். படிச்சவங்க யாருமில்ல போல. 2017 அக்டோபரில்தான், சிறிய எம்பிரேயர் விமானம் வாரம் ஒருமுறை வரத் தொடங்கியது. மறு ஆண்டு பழைய பயணிக் கப்பல் ஓய்வுபெற்றது.

இது தீவுக்குப் புதிதல்ல. ஒருகாலத்தில் அதன் பிழைப்பே நார்ச்செடி. பிரிட்டிஷ் தபால்துறை கயிற்றைச் செயற்கை இழைக்கு மாற்றிக்கொண்டதும், 1966இல் ஆலைகள் மூடின. ஒற்றை வாடிக்கையாளரை நம்பிய பொருளாதாரத்தை எங்கோ எடுத்த ஒரு முடிவு சாய்த்துவிடும். சுற்றுலாவை மட்டுமே நம்பினாலும் கதை அதேதான். முன்பு தபால்துறை, இப்போது விமானக் கட்டணம்.

சரி, விமானத்தால ஒண்ணுமே நடக்கலையா? நடந்தது. பயணிச் சேவை தொடங்கும் முன்பே, 2016இல், அவசர நோயாளியை ஏற்றிச்செல்ல விமானம் இறங்கியது. கப்பலுக்காகக் காத்திருந்தால் அந்த உயிருக்கு என்ன கதி? பிழைப்புக்காக வெளியேறியவர்கள் ஒரு சாவுக்கோ கல்யாணத்துக்கோ ஊர் வந்துசேர முடிகிறது. இவற்றுக்கு லாபக்கணக்கில் பத்தி கிடையாது.

ஆகவே, சுற்றுலா முதலீடாகப் பார்த்தால் இது கைகொடுக்காத திட்டம். சாலையைப் போல, ஆஸ்பத்திரியைப் போல ஒரு பொதுச்சேவையாகப் பார்த்தால் தாமதமாகக் கிடைத்த உரிமை. சிறைக்காக அந்தத் தொலைவைப் பயன்படுத்திக்கொண்ட அரசு, அதைக் கடக்கும் செலவைத் தீவுக்காரர்களின் தலையில் எழுத முடியாது.