இடமில்லை என்னும் விடை

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தினூடே செல்லும் கலஹா வீதி, அவ்வளாகத்தைக் கடந்ததும் மலையேறித் தேயிலைத் தோட்டங்களை நாடிச் செல்கின்றது. கலஹாவுக்கு அணித்தாயுள்ள லூல்கந்துரையிலேதான் 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிரிட்டார் என்பது யாவரும் அறிந்ததே. வீதியின் கீழ்முனையிலே கணினிப் பொறியியல் பயில்வோரை இன்று தொல்லைப்படுத்தும் சிக்கலொன்று, மேல்முனையிலுள்ள தோட்டத்தில் கொழுந்து நிறுப்போர்க்குப் புதியதன்று. கொழுந்து நிரம்பிய சாக்குகள் லொறியில் ஏறுகின்றன. அவற்றுக்கு ஈடாக வெறுஞ்சாக்குகள் இறங்குதல் வேண்டும். இறங்காவிடின் யாது செய்வது? செடியிலே கொழுந்து நிற்கின்றது. கூடைகளோ நிரம்பி வந்துகொண்டேயிருக்கின்றன.

கணினியின் உள்ளே இவ்வினா எங்ஙனம் எழுகின்றது என்பதை ஈண்டு நோக்குவோம். வலையமைப்பு அட்டை, வட்டு, அச்சுப்பொறி முதலிய சாதனங்களைப் பணிசெயல் முறைமையோடு இணைக்கும் நிரல் சாதனச் செலுத்தி எனப்படும். சாதனத்திலிருந்து வரும் தரவைச் சிறிது நேரம் தாங்கி நிற்கும் நினைவகப் பகுதி இடையகம். செலுத்தி தனக்கு வேண்டிய இடையகத்தை நினைவக மேலாளரிடம் கேட்டுப் பெறுகின்றது. கொடுக்க இடமில்லையாயின், மேலாளர் முகவரிக்குப் பதிலாக வெறுமையையே விடையாகத் தருவார். அவ்விடையைச் சோதியாது அதனை முகவரியென மயங்கி எழுதப் புகும் செலுத்தி தான் மாத்திரம் வீழ்வதில்லை. சாதாரண நிரலொன்று வீழ்ந்தால் அந்நிரலோடு போம்; செலுத்தியோ கருவகத்தினுள் இருப்பது. ஆதலின் முழுக் கணினியும் நின்றுபோதல் கூடும்.

லினக்ஸ் முறைமையை எடுத்துக்கொள்வோம். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோவால்ட்ஸ் தொடங்கிய இம்முறைமையின் மூலநிரல் யாவரும் வாசிக்கத் திறந்து கிடப்பதால், மாணவர்க்கு இதனினும் நல்ல பாடநூல் இல்லை என்பது என் கருத்து. இதில் நினைவகம் கேட்கும் வழிகளுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று, ‘காத்திருக்கச் சம்மதம்’ என்று கேட்பது. அப்போது மேலாளர் பழைய பக்கங்களை வட்டுக்கு அனுப்பி இடமொழித்துத் தருவார். கேட்டவர் அதுவரை உறங்குவார். மற்றையது, ‘இப்பொழுதே தருக, இன்றேல் இல்லையெனக் கூறுக’ என்பது. சாதனம் எழுப்பும் குறுக்கீட்டைக் கவனிக்கும் வேளையில் உறங்குதல் ஆகாது. ஆதலின் அங்கு இரண்டாம் வழியே உண்டு. ‘இல்லை’ என்னும் விடை அங்கே விபத்தன்று, அன்றாட நிகழ்ச்சி.

வலையமைப்பு அட்டையின் செலுத்தி 256 இடையகங்களை ஒரு வளையமாக அடுக்கி அட்டையிடம் ஒப்படைத்திருக்கிறது என்று கொள்வோம். பொதியொன்று வந்ததும் அட்டை அதனை ஓர் இடையகத்தில் நிரப்பிக் குறுக்கீடு எழுப்புகின்றது. அனுபவமில்லாதவர் எழுதும் செலுத்தி, நிரம்பிய இடையகத்தை மேலடுக்குக்குக் கொடுத்துவிட்டு அதன்பின் புதியதொன்றைக் கேட்கும். கிடைக்காவிடின் வளையத்தில் ஓரிடம் வெறுமையாகின்றது. நெருக்கடி நீடித்தால் 256 இடங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒழிந்துபோம். நிரப்ப இடமில்லாத அட்டை பொதிகளை ஏலாது. பொதியை ஏலாத அட்டை குறுக்கீடும் எழுப்பாது. குறுக்கீட்டின்போதே புதிய இடையகம் கேட்கப்படுவதால், நினைவகம் பின்னர் தாராளமாகக் கிடைத்தாலும் அதனைக் கேட்பார் எவருமில்லை. கணினி ஓடுகின்றது, விளக்குகள் எரிகின்றன, ஒரு பிழைச்செய்தியும் இல்லை. வலையமைப்பு மட்டும் மாண்டு கிடக்கின்றது. இத்தகைய ஓசையற்ற மரணத்தின் காரணத்தைக் கண்டறிதல் மிகக் கடினம்.

தேர்ந்தவர் முறை இதற்கு நேர்மாறானது. வெறுஞ்சாக்கைக் கையில் வாங்கிய பின்னரே நிறைசாக்கை லொறியில் ஏற்றுவர். அதாவது, புதிய இடையகத்தை முதலிற் கேட்பர். கிடைத்தால் பழையதை மேலே அனுப்புவர். கிடைக்காவிடின் வந்த பொதியைக் கைவிட்டு, அதே இடையகத்தை மீண்டும் வளையத்தில் வைப்பர். கொழுந்தைக் கொட்டிவிட்டுச் சாக்கைக் காப்பதா என்று தோட்டத்தார் நகைப்பர். அவர் நகைப்பது நியாயமே. கொட்டிய கொழுந்து போனது போனதுதான். வலையமைப்பிலோ, டி.சி.பி. என்னும் நெறிமுறை தொலைந்த பொதியை மீண்டும் அனுப்புவித்துக்கொள்ளும். ஒரு பொதியை இழந்து வளையத்தைக் காப்பது இங்கு இலாபமே.

வட்டுச் செலுத்திக்கு இவ்வுபாயம் உதவாது. எழுதவேண்டிய தரவை அது கைவிடலாகாது. அன்றியும், நினைவகத்தை ஒழிப்பதற்கே வட்டில் எழுதவேண்டியிருக்க, வட்டில் எழுதுவதற்கு நினைவகம் வேண்டுமென்றால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நின்றுவிடும். இதற்காகவே 2003 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6இல், முன்கூட்டியே ஒதுக்கிவைக்கும் சேமக் குளம் இடம்பெற்றது. பஞ்சத்துக்கென வைத்த விதைநெல் போன்றது அது.

எதனைக் கைவிடுவது என்பதை முன்னரே தீர்மானித்து வைத்ததன் பெரும்பயனை 1969 ஜூலை 20ஆம் நாள் உலகம் கண்டது. அப்பலோ 11இன் இறங்குகலம் சந்திரனை அணுகுகையில் அதன் கணினி 1202 என்னும் எச்சரிக்கையையும், பின்னர் 1201ஐயும் காட்டியது. அக்கணினியின் மாற்றியெழுதத்தக்க நினைவகம் 2,048 சொற்கள் மாத்திரமே. தாய்க்கலத்தைத் தேடும் ராடரிலிருந்து வந்த வேண்டாத துடிப்புகள் அதன் நேரத்தை உண்டன. பணிகள் முடியுமுன் புதிய பணிகள் வந்து சேர, அவற்றுக்கென ஒதுக்க நினைவகப் பகுதி இல்லாது போயிற்று. அந்நிலையில் தன்னை மறுதொடக்கம் செய்து, முதன்மை குறைந்த பணிகளை உதறி, கலத்தை வழிநடத்தும் பணியை விட்ட இடத்திலிருந்து தொடருமாறு அதன் மென்பொருள் அமைக்கப்பட்டிருந்தது. ஆம்ஸ்ட்ரோங்கும் ஓல்ட்ரினும் இறங்கினர்.

லினக்ஸ் வரலாற்றில் இதற்கு எதிரானதொரு விந்தையும் உண்டு. 2014ஆம் ஆண்டின் இறுதியில் அதன் உருவாக்குநரிடையே எழுந்த விவாதமொன்றில், காத்திருக்கச் சம்மதித்துக் கேட்கப்படும் எட்டுப் பக்கங்கள் வரையான சிறு வேண்டுகோள்களை, அதாவது வழக்கமான கணினிகளில் 32 கிலோபைட் வரை, மேலாளர் பெரும்பாலும் மறுப்பதேயில்லை. மீண்டும் மீண்டும் முயன்றுகொண்டேயிருப்பார் என்பது வெளிச்சத்துக்கு வந்தது. உருவாக்குநர் சிலரே இதனை அறிந்து வியப்புற்றனர். மறுப்பு வாராதாகையால், மறுப்பைச் சமாளிக்க எழுதிய நிரற்பகுதிகள் பல ஒருமுறையேனும் ஓடியதில்லை. சரி, இனி மறுக்கத் தொடங்கலாமே எனின், ஓடாத அப்பகுதிகளில் உறங்கும் பிழைகள் யாவும் ஒருங்கே விழித்தெழும் என்ற அச்சம் குறுக்கே நின்றது. கருணையுள்ள மேலாளர் கவனமற்ற செலுத்திகளை வளர்த்துவிட்டார் என்றே சொல்லத் தோன்றுகின்றது.

இதற்குக் கண்ட வழி பொய்ப் பஞ்சம். 2007 பெப்ரவரியில் வெளியான 2.6.20ஆம் பதிப்பு முதல், நினைவகம் நிறைய இருக்கும்போதே வேண்டுமென்று சில வேண்டுகோள்களை மறுக்கச் செய்யும் வசதி லினக்ஸில் உண்டு. செலுத்தி எழுதும் மாணவர் இதனை இயக்கிப் பார்த்தல் வேண்டும். தொடக்கத்தில் ஐந்து பொருள்களைப் பெறவேண்டிய செலுத்திக்கு நான்காவது மறுக்கப்பட்டால், முன்பெற்ற மூன்றையும் பெற்ற வரிசைக்கு எதிர்வரிசையில் அது திருப்பிக் கொடுக்கின்றதா என்பது அப்போது தெரிந்துவிடும். கைவிட்ட பொதிகளையும் நல்ல செலுத்தி மறைப்பதில்லை, எண்ணி வைக்கின்றது. லினக்ஸ் கணினியொன்றில் வலையமைப்பு இடைமுகத்தின் புள்ளிவிபரங்களைக் கேட்டால், ‘கைவிடப்பட்டவை’ என்னும் தலைப்பின்கீழ் ஓர் எண் தோன்றும். அது கூடிக்கொண்டே போனாலும் அட்டை இயங்குகின்றதாயின், இடமில்லாமை அவ்விழப்பின் காரணங்களுள் ஒன்றா என்று தேடத் தொடங்கலாம்.