ஸ்லோ படங்களின் பக்கம் நின்று

எங்கள் ஊரில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உலகப் படம் போடுகிறோம். டியூஷன் சென்டர் மாடி, வாடகை புரொஜெக்டர், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. கல்லூரிப் பிள்ளைகள், சில வாத்தியார்கள், ஒரு எலக்ட்ரீஷியன், பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் அக்கா என்று கலவையான கூட்டம். படம் முடிந்து லைட்டைப் போட்டதும் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: “நல்லாத்தான் இருக்கு சார். ஆனா ரொம்ப ஸ்லோ.”

இந்தக் கருத்தை நான் மதிக்கிறேன். ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரொஸ்தமியின் ‘டேஸ்ட் ஆஃப் செர்ரி’க்கு 1997ல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை கொடுத்தார்கள். அதே படத்துக்கு அமெரிக்காவின் மிகப் பிரபலமான விமர்சகர் ரோஜர் ஈபர்ட் கொடுத்தது ஒரே ஒரு ஸ்டார். அவருக்கும் படம் தாங்க முடியாத அளவுக்கு அலுப்பாக இருந்திருக்கிறது. ஆகவே ஸ்லோ என்று சொன்னவுடன் ஒருவரை ரசனை இல்லாதவராக ஒதுக்கும் சினிமா அன்பர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அதற்காகப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளவும் மனம் வராது. எந்த இடம் ஸ்லோ, அந்த நேரத்தில் படம் எதைக் காட்டிக்கொண்டிருந்தது என்று அடுத்துக் கேட்கத்தான் வேண்டும்.

புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் காட்டுவது கியாரொஸ்தமியின் ‘வேர் இஸ் த ஃபிரெண்ட்ஸ் ஹவுஸ்’. 1987ல் வந்தது. வடக்கு ஈரானில் கோகர் என்றொரு கிராமம். நோட்டில் வீட்டுப் பாடம் எழுதாமல் வருகிற பையனை, இன்னொரு தடவை இப்படி வந்தால் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவேன் என்கிறார் வாத்தியார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அகமது அன்றைக்குப் பார்த்து அந்தப் பையனின் நோட்டைத் தெரியாமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறான். இரண்டு நோட்டும் ஒரே மாதிரி. திருப்பிக் கொடுக்க வேண்டும்; நண்பன் இருப்பதோ அடுத்த ஊரில். கதை இவ்வளவுதான்.

வீட்டு முற்றத்தில் ஒரு காட்சி வரும். அம்மா துணி துவைத்துக்கொண்டிருக்கிறாள். அகமது நோட்டைக் காட்டிச் சொல்கிறான். “பாடத்தை எழுது” என்கிறாள். மறுபடி சொல்கிறான். குழந்தையைப் பார்த்துக்கொள், பாலை எடுத்து வா என்று வேலைமேல் வேலை வருகிறது. அவனும் எல்லாவற்றையும் செய்துகொண்டே அதே விஷயத்தை விடாமல் சொல்கிறான். அவள் கெட்டவள் கிடையாது. மகன் சொல்வது அவள் காதில் ஏறவில்லை, அவ்வளவுதான். வழக்கமான படத்தில் இது அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். இங்கே நாம் தவிக்கிற வரைக்கும் போகிறது. பெரியவர்கள் கேட்காத உலகத்தில் பிள்ளைகளுக்குப் பொழுது எப்படி நகரும் என்பதை இதைவிட நேராக நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. ஒருமுறை இந்தக் காட்சியைப் பற்றி எலக்ட்ரீஷியன் தம்பி சொன்னார்: “எம் பையன் நேத்து ஏதோ சொல்ல வந்தான் சார். நான் போனைப் பாத்துக்கிட்டே ‘அப்புறம் சொல்லு’ன்னுட்டேன்.” அன்று ஸ்லோ என்று யாரும் சொல்லவில்லை.

படத்தில் நடித்தவர்கள் அந்தப் பகுதி மக்கள். 1990 ஜூனில் அங்கே பெரும் நிலநடுக்கம் வந்தது. அந்தப் பையன்கள் என்ன ஆனார்களோ என்று கியாரொஸ்தமி தேடிப் போனார். அந்தப் பயணத்தை வைத்து 1992ல் இன்னொரு படம் எடுத்தார். 1994ல் வந்த ‘த்ரூ தி ஆலிவ் ட்ரீஸ்’ படத்தில் பையன்கள் சற்று வளர்ந்து வந்து நிற்கிறார்கள். இதைச் சொல்லும்போது மாடியில் எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி தெரியும்.

தமிழில் இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ இந்தக் குடும்பத்துப் படம்தான். மேலூர்ப் பக்கத்துப் பொட்டல் வெயிலில் எடுத்தது. 2021ல் ராட்டர்டாம் விழாவின் டைகர் விருதை வாங்கியது. கோபித்துக்கொண்டு தாய்வீடு போய்விட்ட மனைவியைக் கூட்டிவரக் குடிகாரத் தகப்பன் மகன் வேலுவைப் பள்ளியிலிருந்து இழுத்துக்கொண்டு போகிறான். திரும்பி வரும்போது இருவரும் நடக்கிறார்கள். வினோத்ராஜின் சகோதரி கணவன் வீட்டிலிருந்து துரத்தப்பட்டுக் கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்தே வந்திருக்கிறார். படத்துக்கு விதை அதுதான். 75 நிமிடப் படத்தில் பெரும்பகுதி அந்த நடைதான்.

அதைப் பார்த்துவிட்டு, கல்லூரி மாணவன் ஒருவன் நடையைப் பாதியாகக் குறைத்திருக்கலாம் என்றான். பூக்கார அக்கா வழக்கமாக வாயைத் திறக்க மாட்டார். அன்று கேட்டார்: “தம்பி, அந்தப் பய வாயில போட்டுக்கிட்டு வந்த கல்ல வீட்டுல எங்க வச்சான், பாத்தியா?” தாகத்துக்கு வேலு வாயில் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டே நடக்கிறான். வீட்டுக்கு வந்து அதை வைக்கிற இடத்தில் ஏற்கெனவே ஒரு குவியலே கிடக்கிறது. இந்த நடை இன்றைக்கு மட்டும் நடந்ததில்லை. ஒரு நடையை முழுதாக நம்மை நடக்க வைத்துவிட்டுத்தான் படம் குவியலைக் காட்டுகிறது. பாதியாகக் குறைத்திருந்தால் அது வெறும் கல் குவியலாகப் போயிருக்கும். அக்கா பிடித்தது இதைத்தான். பத்திரிகைகளில் நான் வாசித்த விமர்சனங்களைவிட அந்தக் கேள்வி எனக்குப் பெரிது.

இப்படிப்பட்டவர்கள் கண்ணில் இந்தப் படங்கள் படுவதற்கு வழிதான் குறைவாக இருக்கிறது. டிசம்பரில் திருவனந்தபுரம் விழாவுக்குத் தென்மாவட்டங்களிலிருந்து இளைஞர்கள் ரயிலேறிப் போகிறார்கள். சென்னையிலும் விழா நடக்கிறது. பூக்கடையை விட்டுவிட்டு எட்டு நாள் யாரும் போக முடியாது. ஓடிடியில் இருந்தாலும் பெரும்பாலும் சப்டைட்டில் ஆங்கிலத்தில்தான் ஓடும். எங்கள் மாடியில் ஒரு வாத்தியார் கடைசி வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். ஆர்வலர்கள் சிலர் தாங்களே தமிழ் சப்டைட்டில் எழுதுகிறார்கள். கைகூப்பத் தோன்றும் உழைப்பு அது.

வினோத்ராஜின் அடுத்த படம் ‘கொட்டுக்காளி’. 2024 பெர்லின் விழாவுக்குப் போய்வந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் நம் தியேட்டர்களுக்கு வந்தது. தயாரித்தவர் சிவகார்த்திகேயன். அதில் நடித்த சூரியை நம்பிப் போன பலர் ஏமாந்து வெளியே வந்தார்கள். பின்னணி இசை கிடையாது, சண்டை கிடையாது, முடிவும் சொல்லவில்லை. இதைத் தியேட்டருக்கே கொண்டுவந்திருக்கக் கூடாது என்று திரைத்துறைக்குள்ளேயே பேச்சு எழுந்தது. எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. சாதி விட்டுக் காதலித்த பெண்ணுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று சாமியாரிடம் இழுத்துப் போகும் கதையை, அப்படி இழுத்துப் போகிற ஊர்களின் தியேட்டரில் போடாமல் வேறு எங்கே போடுவது?

நாங்கள் அதைப் போட்ட இரவு விவாதம் தெருவுக்கு வந்தும் ஓயவில்லை. முறைப்பையன் பாண்டி கட்டிக்கொள்ளப்போகிற மீனா படம் முழுக்கக் கிட்டத்தட்டப் பேசுவதே இல்லை. ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்ததற்காக அவளையும் தடுக்க வந்தவர்களையும் பாண்டி அடிக்கிறான். வழியை மறித்து நிற்கும் காளையை ஆண்களால் நகர்த்த முடியவில்லை. ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக ஓட்டிப் போகிறாள். கடைசியில் சாமியார் இன்னொரு பெண்ணுக்குப் பேய் ஓட்டும் விதத்தைப் பாண்டி பார்க்கிறான். அதன்பின் அவன் என்ன செய்தான் என்பது நமக்குத் தெரியாது.

கூழாங்கல்லில் நடையைக் குறைக்கச் சொன்ன அதே மாணவன், பாண்டி மீனாவைத் திருப்பிக் கூட்டிப் போயிருப்பான் என்று சாதித்தான். பூக்கார அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. “அடிச்சவன் மனசு ஒரு மத்தியானத்துல மாறாது தம்பி” என்றார். பாண்டி பார்த்தது அவனை உலுக்கியது, அவன் கண்ணிலேயே அது தெரிந்தது என்று மாணவன் விடாமல் அந்த ஷாட்டை விவரித்தான். நான் மாணவன் பக்கம். அக்கா அடுத்த மாதம் அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைத் திரும்பப் போடச் சொல்லியிருக்கிறார்.